ஸ்பானிய ‘ரீயா’ வடிவம் எங்கே பழுதாகிறது: அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

ஸ்பானியம் படிக்கும் தமிழ் மாணவர்களின் நோட்டுகளைத் திருத்துவது பல வருடங்களாக என் மாலை நேர வேலை. கொந்திசியொனால் பாடம் வந்ததும் திரும்பத் திரும்ப அதே பிழைகள்தான் வரும். ‘வாங்குவேன், சாப்பிடுவேன், ஆனால் முடியாதே’ என்ற பொருளில் வரும் காலம் அது. மனப்பாடம் செய்ய வேண்டிய விகுதிகள் ஆறுதான், விதிவிலக்குகளும் மிகக் குறைவு. ஆனாலும் ஆறு மாதம் படித்தவர்கள்கூட இதில் தடுக்குகிறார்கள். பிழை எப்படித் தெரிகிறதோ அதை வைத்து இங்கே பிரித்திருக்கிறேன். உங்கள் பிழைக்குரிய தலைப்பை மட்டும் படித்தால் போதும். ஒவ்வொன்றிலும் சட்டென்று சரியாகிற காரணம் முதலில், நாள் பிடிக்கிற காரணம் பிறகு.

ஸ்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ‘ரீ’ என்று வரும் இடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டும்.

முதலில், பழுதில்லாத வடிவம்

அகராதியில் இருக்கும் முழு வினைச்சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஆர், ஏர், ஈர் என்று எதில் முடிந்தாலும் வெட்ட வேண்டாம். அதன் பின்னால் இந்த ஆறில் ஒன்றை ஒட்டுங்கள்: ஈயா, ஈயாஸ், ஈயா, ஈயாமோஸ், ஈயாய்ஸ், ஈயான்.

தொமார் என்றால் எடு. நான் தொமரீயா, நீ தொமரீயாஸ், அவன் அல்லது அவள் தொமரீயா, நாங்கள் தொமரீயாமோஸ், நீங்கள் எல்லோரும் (ஸ்பெயினில்) தொமரீயாய்ஸ், அவர்கள் தொமரீயான். லத்தீன் அமெரிக்காவில் ‘நீங்கள் எல்லோரும்’ என்பதற்கும் தொமரீயான்தான். அங்கே மட்டும் பேசப் போகிறீர்கள் என்றால் ஐந்தாவதைக் கேட்டுப் புரிந்துகொள்ளத் தெரிந்தால் போதும்.

கொமேர், அதாவது சாப்பிடு, கொமெரீயா ஆகும். எஸ்கிரிபீர், அதாவது எழுது, எஸ்கிரிபிரீயா ஆகும். மூன்று வகை வினைகளுக்கும் விகுதி ஒன்றே. நிகழ்காலத்தில் உங்களைப் பாடாய்ப் படுத்திய ஸேர், எஸ்தார், ஈர் ஆகியவையும் இங்கே சாதுவாக ஸெரீயா, எஸ்தரீயா, இரீயா என்று வந்துவிடும்.

அறிகுறி: ‘சாப்பிடுவேன்’ என்று சொல்ல நினைத்தது ‘சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்’ ஆகிவிட்டது

கொமெரீயா வரவேண்டிய இடத்தில் கொமீயா. நான் திருத்தும் பிழைகளில் மிக ஆபத்தானது இதுதான். ஏனென்றால் கொமீயா என்பதும் சரியான ஸ்பானியச் சொல்லே. இம்பெர்ஃபெக்தோ என்ற இறந்தகால வடிவம் அது. கேட்பவர் உங்களைத் திருத்த மாட்டார், வேறு எதையோ புரிந்துகொண்டு போய்விடுவார்.

முதல் காரணம், பழக்கத்தில் வாலை வெட்டிவிடுவது. நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் ஏர், ஈர் ஆகியவற்றை வெட்டி வெட்டிக் கை பழகிவிட்டது. சோதனை எளிது. எழுதிய சொல்லிலிருந்து ‘ஈயா’வைக் கழற்றிப் பாருங்கள். மிச்சம் இருப்பது அகராதிச் சொல்லா? கொமெரீயாவில் ‘ஈயா’ போனால் கொமெர் முழுதாக நிற்கிறது, சரி. கொமீயாவில் ‘ஈயா’ போனால் வெறும் கொம். அப்படி ஒரு வினை இல்லை, ஆகவே தவறு.

‘ரீயா என்று கேட்கிறதா’ என்பதை மட்டும் சோதனையாக வைத்துக்கொள்ளாதீர்கள். என் மாணவர்கள் பலர் அப்படிச் செய்து சிக்கியிருக்கிறார்கள். வேரிலேயே ர அல்லது ற இருக்கும் வினைகளில் இறந்தகாலமும் அப்படித்தான் ஒலிக்கும். மொரீர் என்றால் இறந்துபோ. மொரீயா என்பது இறந்தகாலம், மொரிரீயாதான் நமக்கு வேண்டியது. கொறேர் என்றால் ஓடு. கொறீயா இறந்தகாலம், கொறெரீயா நம்முடையது. அப்ரீர் என்றால் திற. அப்ரீயா இறந்தகாலம், அப்ரிரீயா நம்முடையது. கழற்றிப் பார்க்கும் சோதனை இவை எல்லாவற்றிலும் வேலை செய்யும். வேரே மாறும் சில வினைகளுக்கு மட்டும் அது பொருந்தாது, அவற்றைப் பின்னால் தனியாகத் தருகிறேன்.

ஆர் வினைகளில் இந்தப் பழுது அவ்வளவு தீங்கானது அல்ல. தொமாரை வெட்டி ‘தொமீயா’ என்றால் அப்படி ஒரு சொல்லே கிடையாது. எதிரில் இருப்பவர் புருவத்தை உயர்த்துவார், நீங்களே திருத்திக்கொள்வீர்கள். ஆகவே பயிற்சிக்கு உட்காரும்போது ஏர், ஈர் வினைகளுக்கு இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள்.

வெட்டாமல் எழுதத் தெரிந்தும் பேசும்போது மட்டும் கொமீயா வருகிறது என்றால் காரணம் வேகம். இரண்டு வாரம், நாளுக்கு ஐந்து நிமிடம், ஜோடி ஜோடியாக வாய்விட்டுச் சொல்லுங்கள்: கொமீயா, கொமெரீயா. எஸ்கிரிபீயா, எஸ்கிரிபிரீயா. நாக்கு அந்த ஓர் அசையைக் கூடுதலாக எதிர்பார்க்கப் பழக வேண்டும். வேறு மருந்து எனக்குத் தெரிந்து இல்லை.

அறிகுறி: வடிவம் சரி, ஆனால் இடம் தவறு

கொம்ப்ரார் என்றால் வாங்கு. அதன் கொம்ப்ரரே, கொம்ப்ரரீயா, கொம்ப்ராபா மூன்றையும் பிழையில்லாமல் எழுதுவார்கள். வாக்கியத்தில் போடும்போது மாறிப்போகும். இது தமிழ் பேசுபவர்களுக்கென்றே உரிய பழுது. இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன்.

காரணம் நம் ‘வேன்’. ‘நாளைக்கு வாங்குவேன்’ என்கிறோம். ‘பணம் இருந்தால் வாங்குவேன்’ என்கிறோம். ‘சின்ன வயதில் தினமும் அந்தக் கடையில்தான் மிட்டாய் வாங்குவேன்’ என்றும் சொல்கிறோம். தமிழில் மூன்றும் ஒரே வாங்குவேன். ஸ்பானியத்தில் மூன்றும் மூன்று தனிப் பெட்டிகள். முதலாவது கொம்ப்ரரே, இரண்டாவது கொம்ப்ரரீயா, மூன்றாவது கொம்ப்ராபா. ஆங்கிலம் வழியாகப் படித்தவர்களுக்கும் இந்தச் சிக்கல் தீராது. அங்கே வுட் என்ற சொல் இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்தே சுமக்கிறது.

ஆகவே ஸ்பானிய வாக்கியத்தைத் தொடுமுன், உங்கள் தமிழ் வாக்கியத்தில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

‘அப்போதெல்லாம்’ என்ற சொல்லை முன்னால் வையுங்கள். வாக்கியம் இயல்பாக இருக்கிறதா? அப்படியானால் அது பழைய வழக்கம். இம்பெர்ஃபெக்தோ போடுங்கள், ரீயா வேண்டாம்.

அது பொருந்தவில்லையா? வாக்கியத்தின் முடிவில் ‘ஆனால் இல்லையே’ அல்லது ‘ஆனால் முடியாதே’ என்று ஒட்டிப் பாருங்கள். ‘பணம் இருந்தால் வாங்குவேன், ஆனால் இல்லையே.’ ஒட்டுகிறது. ரீயாதான்.

அதுவும் ஒட்டவில்லை, ‘பார்க்கலாம்’ என்பதுதான் ஒட்டுகிறது என்றால் அது நிஜமான எதிர்காலம். ‘சாயங்காலம் சம்பளம் வந்தால் வாங்குவேன், பார்க்கலாம்.’ இங்கே கொம்ப்ரரே. ‘இருந்தால்’ என்ற சொல்லைக் கண்டதுமே ரீயாவைத் தேடி ஓடும் மாணவர்கள் விழுவது இந்தக் குழியில்தான். நிபந்தனை இருப்பதால் மட்டும் ரீயா வராது. நடக்கக்கூடிய நிபந்தனைக்கு எதிர்காலமே போதும்.

தமிழின் ‘இருக்கும்’ இன்னும் ஒரு வேலை செய்கிறது. ‘அவன் வந்தபோது பத்து மணி இருக்கும்’ என்பது ஊகம். ஸ்பானியத்தில் கடந்துபோனதைப் பற்றிய ஊகத்துக்கும் இதே ரீயா வடிவம்தான்: ஸெரீயான் லாஸ் தியேஸ். இப்போதைய நேரத்தை ஊகித்தால் எதிர்காலம்: ஸெரான் லாஸ் தியேஸ். நாம் ஏற்கெனவே ஊகத்துக்கு எதிர்கால வடிவத்தைப் பயன்படுத்துபவர்கள். அதனால் இந்தப் பயன்பாட்டைத் தமிழ் மாணவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சியாக இருக்கும்.

‘வாங்கியிருப்பேன்’ என்று வந்தால் அது கூட்டு வடிவம், அப்ரீயா கொம்ப்ராதோ. அதை இந்தப் பாடம் உறுதியான பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அறிகுறி: ‘ஸீ’ வந்ததும் வாக்கியம் உடைகிறது

ஸீ என்றால் ‘ஆல்’, அதாவது இருந்தால், வந்தால் என்பதில் வரும் ஆல். பழுதான வாக்கியம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: ஸீ தெந்த்ரீயா தினேரோ, கொம்ப்ரரீயா லா காஸா. பணம் இருந்தால் வீட்டை வாங்குவேன் என்று சொல்ல வந்தது. இரண்டு பக்கமும் ரீயா.

விதி: நிபந்தனை சொல்லும் ஸீ இருக்கும் பக்கத்தில் ரீயா வராது. எதிர்காலமும் வராது. ரீயா அடுத்த பக்கத்துக்கு உரியது. ஸீ பக்கத்தில், தெனேர் (வைத்திரு) என்ற வினையின் துவியேரா போன்ற வேறொரு வடிவம் வரவேண்டும்: ஸீ துவியேரா தினேரோ, கொம்ப்ரரீயா லா காஸா.

ஸ்பெயினின் வடக்கே, பாஸ்கு பகுதியிலும் நவார்ரா, லா ரியோஹா, புர்கோஸ் பக்கங்களிலும் ஊர்க்காரர்களே ஸீ தெந்த்ரீயா என்று பேசுவதைக் கேட்கலாம். அது அந்த மண்ணின் பேச்சு, அவர்கள் வாயில் இயல்பானது. ஆனால் தேர்விலும் கடிதத்திலும் எழுதினால் பிழை என்றே கணக்கு. அங்கே போய் வந்தவர்கள் ‘எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள்’ என்று என்னிடம் வாதிடுவார்கள். பேசுகிறார்கள்தான். நீங்கள் எழுதாதீர்கள்.

பழுது எந்த அளவு என்று பாருங்கள்.

துவியேரா வகை வடிவம் தெரியும், மறந்துவிட்டீர்கள், அவ்வளவுதானா? எழுதி முடித்ததும் ஒவ்வொரு ஸீயையும் வட்டமிட்டு, அடுத்து வரும் வினை ரீயாவா என்று பாருங்கள். ஒரு நிமிட வேலை.

அந்த வடிவம் இன்னும் படிக்கவே இல்லையா? அதுவரை ஸீயைத் தவிர்த்துவிடுங்கள். ‘உன் இடத்தில் நான் இருந்தால்’ என்பதற்கு யோ கே தூ என்று மூன்று சொல் போதும்: யோ கே தூ, கொம்ப்ரரீயா லா காஸா. ‘இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால்’ என்பதற்கு கொன் மாஸ் தினேரோ, கொம்ப்ரரீயா லா காஸா. இரண்டும் ஸ்பானியர்கள் தினமும் பேசும் வாக்கியங்கள், ஒட்டுப்போட்டது போலத் தெரியாது.

இனி ஒரு விதிவிலக்கு. அதைத் தமிழ்தான் அழகாகக் காட்டிக்கொடுக்கிறது. ‘வீட்டை வாங்குவாயா என்று கேட்டாள்’ என்பதில் இருக்கும் ‘ஆ என்று’ என்பதற்கும் ஸ்பானியத்தில் ஸீதான். அங்கே ரீயா தாராளமாக வரலாம்: மே ப்ரெகுந்தோ ஸீ கொம்ப்ரரீயா லா காஸா. ஆகவே உங்கள் ஸீக்குத் தமிழில் ‘ஆல்’ வருகிறதா, ‘ஆ என்று’ வருகிறதா என்று பாருங்கள். ‘ஆல்’ என்றால் ரீயாவுக்குத் தடை, ‘ஆ என்று’ என்றால் தடை இல்லை. பல மொழிக்காரர்கள் மாதக்கணக்கில் குழம்பும் இடம் இது. நமக்கு ஒரு நொடியில் தீர்ந்துவிடுகிறது.

அறிகுறி: அவன் கூப்பிடுவதாகச் சொன்னது, நான் கூப்பிடுவேன் என்று ஆகிவிட்டது

‘கூப்பிடுவேன் என்று அவன் சொன்னான்.’ இதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் தீஹோ கே யமரே என்று வரும். ஸ்பானியர் காதில் அது, ‘நான் கூப்பிடுவேன் என்று அவன் சொன்னான்’ என்று விழும். நான் என்றால் பேசுகிற நீங்கள். என் மாணவி ஒருவர் தங்கப்போகும் வீட்டு அம்மாவுக்கு இப்படி ஒரு செய்தி அனுப்பினார். அந்த அம்மா மாலை முழுக்க இவருடைய அழைப்புக்காகக் காத்திருந்தார், இவரோ வேறொருவர் அழைப்பார் என்று இருந்தார்.

தமிழில் ‘என்று’ இருக்கிறது. அது சொன்னவர் வாயில் வந்ததை அப்படியே எடுத்து வைத்துவிடும். ஸ்பானியத்தின் ‘கே’ அப்படிச் செய்யாது. பேசியவர் யார், பேசியது எப்போது என்று இரண்டையும் திருப்பிக் கணக்கிடச் சொல்லும்.

வழி: தமிழ் வாக்கியத்தை முதலில் ‘வதாக’ வடிவத்துக்கு மாற்றுங்கள். ‘கூப்பிடுவதாகச் சொன்னான்.’ ‘எழுதுவதாகச் சொன்னார்கள்.’ சொன்னது இறந்தகாலத்தில் இருக்கிறதா? அப்படியானால் ‘வதாக’ இருக்கும் இடத்தில் ரீயா: தீஹோ கே யமரீயா. தீஹேரோன் கே எஸ்கிரிபிரீயான்.

அந்த அழைப்பு இன்னும் வரவேண்டியதாகவே இருந்தால் எதிர்காலத்தையும் ஏற்றுக்கொள்வார்கள், தீஹோ கே யமரா. ஆனால் அது யமரா, யமரே அல்ல. சந்தேகம் இருந்தால் ரீயாவையே போடுங்கள், அது எந்த நிலைமையிலும் தவறாகாது.

அறிகுறி: எழுதினால் சரி, பேசினால் புரியவில்லை

இங்கே மூன்று பழுதுகள் ஒளிந்திருக்கின்றன.

முதலில் ‘ரியா’ என்று குறிலாகச் சொல்லிவிடுவது. கொமெரீயா என்பதை ‘கொமேரியா’ என்று சொன்னால் அழுத்தம் முன் அசைக்கு ஓடிவிடும், சொல்லே அடையாளம் தெரியாமல் போகும். கை தட்டிச் சொல்லுங்கள்: கொ, மெ, ரீ, யா. நான்கு தட்டு, மூன்றாவது தட்டு பலமாக. ‘நாங்கள்’ வடிவத்திலும் பலம் ரீயில்தான் விழும்: கொ, மெ, ரீ, யா, மோஸ். பலர் இங்கே ‘மோஸ்’ஸை அழுத்திவிடுகிறார்கள்.

இதற்கு என்னிடம் ஒரு நினைவுச் சரடு உண்டு. தார் என்றால் ஸ்பானியத்தில் கொடு, தா. அதன் நம் வடிவம் தரீயா. பேச்சுத் தமிழில் நாம் ‘தரியா?’ என்று கேட்பதும் கொடுப்பதைப் பற்றித்தான். வெறும் தற்செயல், இரண்டு மொழிக்கும் உறவு எதுவும் இல்லை. ஆனால் ‘ரி’யை ‘ரீ’ என்று நீட்டிவிட்டால், மரியாதைக்குரியவரிடம் ‘எனக்குத் தருவீர்களா’ என்று கேட்கும் மே தரீயா உங்கள் வாயில் ஒரு நாளும் மறக்காது.

இரண்டாவது, கெரீயாவும் கெறீயாவும். கெரேர் என்றால் விரும்பு. ஒற்றை ர கொண்ட கெரீயா இறந்தகாலம், ‘விரும்பினேன்’. இரட்டை ற போல நாக்கு அதிரும் கெறீயாதான் நம் வடிவம். ரகர றகரத்தைப் பிரித்துச் சொல்லும் பழக்கம் வீட்டில் இருந்தவர்களுக்கு இது சுலபம். மற்றவர்கள் பயிற்சி செய்ய வேண்டும். ஆனால் ஓட்டலில் காப்பி கேட்கும்போது பதற வேண்டாம். கெரீயா உன் கஃபே என்று சொன்னாலும் அது பணிவான வேண்டுகோள்தான், ஸ்பானியர்களே அப்படித்தான் கேட்கிறார்கள். பொருள் மாறுகிற வாக்கியங்களில் மட்டும் கவனம் வையுங்கள்.

மூன்றாவதற்குப் பழுது பார்க்கவே தேவையில்லை. அப்ரீரின் இறந்தகாலமான அப்ரீயாவும், அபேர் என்ற வினையின் நம் வடிவமான அப்ரீயாவும் காதுக்கு ஒன்றுதான். இரண்டாவதன் முதலில் ஒலிக்காத ஓர் எழுத்து உண்டு, எழுதும்போது மட்டும் அதைப் பாருங்கள். பேச்சில் சூழ்நிலை சொல்லிவிடும்.

அறிகுறி: மேல்கோட்டுக்கு மதிப்பெண் போகிறது

ஆறு வடிவங்களிலும் ‘ஈ’ எழுத்தின் மேல் சாய்வான சிறு கோடு வேண்டும். விலக்கே இல்லை. கோடு இல்லாமல் எழுதினால், படிப்பவர் முன்பு சொன்ன ‘கொமேரியா’வைப் போலத்தான் படிப்பார்.

தட்டச்சில் கோடு வரவில்லை என்றால்: கைபேசியில் அந்த எழுத்தை அழுத்திப் பிடித்தால் கோடு போட்டது மேலெழும். விண்டோஸ் கணினியில் எண்பலகை இருந்தால் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு 161. மேக்கில் ஆப்ஷன் விசையோடு ‘எ’க்கான விசையை அழுத்தி விட்டுவிட்டு, பிறகு ‘இ’க்கான விசை. அடிக்கடி எழுதுபவர்கள் ஸ்பானிய விசைப்பலகையையே சேர்த்துக்கொள்வது நல்லது.

இரண்டு கோடு விழுகிறதா? ஒயீர், ரெயீர், ஸொன்ரெயீர் போன்ற வினைகளின் அகராதி வடிவத்திலேயே கோடு இருக்கும். அவற்றுக்கு அர்த்தம் முறையே கேள், சிரி, புன்னகை செய். விகுதி ஒட்டியதும் பழைய கோட்டை எடுத்துவிடுங்கள். ஒரு சொல்லில் ஒரே கோடுதான்.

அறிகுறி: வேரே தவறாக வருகிறது

பியென்ஸரீயா, துவெர்மிரீயா என்று எழுதுகிறீர்களா? நிகழ்காலத்தில் பியென்ஸோ, துவேர்மோ என்று உடைந்த வேர் இங்கே ஒட்டிக்கொண்டது. அகராதிச் சொல்லுக்குத் திரும்புங்கள். பென்ஸார், ஆகவே பென்ஸரீயா. தொர்மீர், ஆகவே தொர்மிரீயா. நிகழ்காலத்தின் உடைசல் எதுவும் இங்கே வராது.

லெவந்தார்ஸே போன்ற சொல்லில் ‘ஸே’க்குப் பின்னால் விகுதியை ஒட்டிவிட்டீர்களா? முதலில் ஸேயைக் கழற்றி, ஆளுக்கேற்ப மாற்றி முன்னால் வையுங்கள்: மே லெவந்தரீயா, எழுந்திருப்பேன்.

தெனெரீயா, பொனெரீயா என்று எழுதி ஆசிரியர் அடித்துவிட்டாரா? நீங்கள் செய்தது ஒழுங்கான வினைக்கு உரிய முறைதான். தவறு உங்கள் முறையில் இல்லை, வினையே ஒழுங்கற்றது. அப்படிப்பட்டவை பன்னிரண்டுதான், விகுதி மாறாது, வேர் மட்டும் மாறும். தெந்த்ரீயா, பொந்த்ரீயா, வெந்த்ரீயா, ஸல்த்ரீயா, வல்த்ரீயா ஐந்திலும் நடுவில் ஒரு ‘த்’ நுழைகிறது. பொத்ரீயா, ஸப்ரீயா, அப்ரீயா, கப்ரீயா, கெறீயா ஐந்திலும் ஓர் உயிர் விழுகிறது. திரீயா, அரீயா இரண்டும் தெஸீர், அஸேர் என்ற வினைகளின் சுருக்கம். எதிர்காலத்துக்கும் இதே வேர்கள்தான். ஆகவே ஒரு தடவை படித்தால் இரண்டு காலம் முடிந்தது.

இவற்றிலிருந்து பிறந்த சொற்களும் கூடவே மாறும். மந்தெனேர் மந்தெந்த்ரீயா ஆகும். ஆனால் ஆசீர்வதி என்ற பெந்தெஸீரும் சபி என்ற மல்தெஸீரும் தெஸீரைப் பின்பற்றாமல் ஒழுங்காகவே போகும்: பெந்தெஸிரீயா, மல்தெஸிரீயா.

அறிகுறி: ‘யார்?’ என்று திருப்பிக் கேட்கிறார்கள்

தமிழில் வாங்குவேன், வாங்குவான், வாங்குவாள் என்று விகுதியே ஆளைச் சொல்லிவிடும். கொம்ப்ரரீயாவில் நான், அவன், அவள், மரியாதையான நீங்கள் நான்கும் ஒன்று. ஸ்பானியத்தில் எழுவாயை விட்டுவிடலாம் என்று முதல் பாடத்தில் படித்ததை இங்கேயும் பின்பற்றுவதால் வரும் பழுது. குழப்பம் வரக்கூடிய வாக்கியத்தில் யோ, எல், எயா, உஸ்தேத் என்று ஒன்றைச் சேருங்கள். அவ்வளவுதான்.

அறிகுறி: புத்தகத்துக்குப் புத்தகம் பெயர் மாறுகிறது

கொந்திசியொனால் ஸிம்ப்லே என்பதும் போஸ்ப்ரெதெரிதோ என்பதும் ஒரே காலம்தான். இரண்டாவது பெயர் ஆந்த்ரேஸ் பெல்லோ 1847இல் வெளியிட்ட இலக்கண நூலிலிருந்து வந்தது. மெக்ஸிகோவின் பள்ளிகளில் இன்றும் அதுவே வழக்கம். பழைய நூல்களில் பொதென்ஸியால் என்றும் இருக்கும். ராயல் ஸ்பானிய அகாதெமியின் இணைய அகராதியில் எந்த வினையைத் தேடினாலும் அதன் எல்லா வடிவங்களும் இலவசமாகக் கிடைக்கும். இந்தக் காலத்துக்கு இரண்டு பெயரையும் சேர்த்தே அங்கே போட்டிருப்பார்கள். இதற்காக வினைவடிவ அட்டவணைப் புத்தகம் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

எப்போது ஆசிரியரிடம் போக வேண்டும்

விகுதி, மேல்கோடு, வேர் ஆகிய பழுதுகளுக்கு யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். மேலே சொன்ன சோதனைகளை இரண்டு வாரம் செய்தால் தீர்ந்துவிடும்.

ஸீ பக்கத்து வடிவத்துக்கு ஆசிரியர் வேண்டும். துவியேரா என்பது துவியேரோன் என்ற இறந்தகாலப் பன்மையிலிருந்து பிறப்பது. அந்த இறந்தகாலம் உறுதியாக இல்லாவிட்டால் அடித்தளத்திலிருந்து வேலை செய்ய வேண்டியிருக்கும். தனியாக உட்கார்ந்து செய்தவர்கள் பாதியில் விட்டதையே நான் பார்த்திருக்கிறேன். அதே போல ஒரு மாதம் பழகியும் நாக்கு அதிரவில்லை என்றால், எதிரில் உட்கார்ந்து வாயைப் பார்த்துத் திருத்தும் ஒருவரிடம் போங்கள். பதிவுகளைக் கேட்பதால் மட்டும் அது வராது.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். நீங்களே எழுதிய பத்து வாக்கியங்களை, தமிழில் என்ன சொல்ல நினைத்தீர்கள் என்பதோடு சேர்த்து, எடுத்துக்கொண்டு போங்கள். எந்த ‘வேன்’ உங்களைத் தடுக்குகிறது என்று ஆசிரியர் முதல் பத்து நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

செய்திகளை மொழிபெயர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஸ்பானியப் பத்திரிகையில் எல் மினிஸ்த்ரோ அப்ரீயா ஃபிர்மாதோ என்று வந்தால், ‘அமைச்சர் கையெழுத்திட்டிருப்பார்’ என்ற நிபந்தனை அல்ல, ‘கையெழுத்திட்டதாகக் கூறப்படுகிறது’ என்ற உறுதியாகாத தகவல். அதை நடந்ததாக எழுதிவிட்டால் பொறுப்பு உங்களுடையது. ஒப்பந்தம், நீதிமன்ற ஆவணம், விசா தாள் போன்றவற்றில் இந்த வடிவம் வந்தால் நீங்களாக மொழிபெயர்க்கவே வேண்டாம். ஸ்பெயினில் வெளியுறவு அமைச்சகம் நியமிக்கும் உறுதிமொழி மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். கையெழுத்துப் போடுமுன் அவர்களில் ஒருவரிடம் தாளைக் கொடுங்கள்.